புது லேத்தா, பழைய லேத்தா?

ஊருக்குப் போய்த் திரும்பும்போது அல்வாவோடு ஒரு ஓலைப்பெட்டி சொப்பு சாமானும் வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உரல், உலக்கை, குடம், பானை, திருகை எல்லாம் விரல் உயரத்தில், மரத்தில் கடைந்து, அரக்கில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஏற்றிய விளையாட்டுச் சாமான்கள். போன தடவை வாங்கி வந்ததில் ஒரு குடத்தின் மூடி காணாமல் போய்விட்டது. மகள் கேட்டாள்: "இத நாமளே செஞ்சிரலாம்லப்பா?"

ஒரு மூடிதானே என்று நினைத்தேன். அங்கேதான் பிடித்தது சனி. மூடி செய்ய மரம் சுழலவேண்டும், சுழல லேத் வேண்டும். ஐதராபாத்தில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் ஒருவன் மர லேத் வாங்குவதற்கு எங்கே போவது? மூன்று மாதமாக நான் வேறு எதுவுமே பேசுவதில்லை என்று தங்கமணி புகார். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மேசைமேல் வைக்கிற குட்டி மர லேத், புதிது, பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. எனக்குச் சொன்ன விலை 40,000-க்குக் கொஞ்சம் மேலே. இன்னொன்று, செகந்திராபாத் ராணிகஞ்சில் பழைய இரும்பு லேத்.

ஒரு பொருளை வாங்கும் முன் அதன் பூர்வீகத்தை நோண்டுவது எனக்கு ஒரு வியாதி. இந்தத் தடவை நோண்டியதில் கிடைத்தது வாங்கப்போன சாமானைவிடப் பெரிதாக இருந்ததால், அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்து ஆரம்பிப்போம். தமிழில் மோரும் கடைகிறோம், மரமும் கடைகிறோம். இரண்டுக்கும் ஒரே வினை. சின்ன வயதில் எனக்கு இது குழப்பமாக இருந்தது. பாட்டி தூணில் மத்தைச் சாத்தி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இடமும் வலமுமாக இழுப்பாள். அந்த மத்தைப் படுக்க வைத்து, இரண்டு முனையிலும் முள் குத்தி நிறுத்தி, தயிருக்குப் பதில் உளியைக் காட்டினால், அதுதான் உலகத்தின் பழைய லேத். கயிறு ஒரு பக்கம் இழுபடும்போது மரம் உளியை நோக்கிச் சுழலும், அப்போது வெட்டலாம். மறுபக்கம் இழுபடும்போது உளியை விலக்கிக்கொள்ள வேண்டும். ஆக, பாதி நேரம்தான் வேலை. எகிப்தில் பெடோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறையில், ஏறக்குறைய 2,300 வருஷத்துக்கு முன் செதுக்கிய சித்திரம் ஒன்று இருக்கிறது. ஒருவர் கயிற்றை இழுக்க, இன்னொருவர் கடைகிறார். லேத்தைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். பாட்டி பார்த்திருந்தால் 'இதென்ன அதிசயம்' என்றிருப்பாள்.

நம் பக்கத்துச் சான்று படத்தில் இல்லை, உவமையில் இருக்கிறது. பாலி மொழியில் உள்ள சதிபட்டான சுத்தத்தில் மூச்சைக் கவனிப்பது பற்றி வரும் இடத்தில், மூச்சு நீளமா குட்டையா என்று அறிவதற்கு ஒப்பாகச் சொல்லப்படுபவர் கடைசல்காரரும் அவரிடம் வேலை பழகுகிற பையனும்தான். நீளமாக இழுத்தால் நீளமாக இழுக்கிறேன் என்று தெரியும், குட்டையாக இழுத்தால் அதுவும் தெரியும். கேட்கிற கூட்டத்துக்குக் கடைசல் பட்டறை பழக்கமில்லாமல் இந்த உவமை எடுபட்டிருக்காது.

ஐதராபாத்திலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் அதைவிடப் பெரிய புதிர் இருக்கிறது. அனுமகொண்டா ஆயிரங்கால் கோயில் காகத்திய ருத்ரதேவன் காலத்தில், 1163-ல் கட்டியது. பாலம்பேட்டை ராமப்பா கோயில் 1213-ல், கணபதிதேவனின் படைத்தலைவர் ரேசர்ல ருத்ரன் எடுப்பித்தது. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இரண்டிலும் கருங்கல் தூண்களில் வட்ட வட்டமாக வரிகள் ஓடுகின்றன. கட்டில் காலில் பார்ப்போமே, அதே மாதிரி. கலை வரலாற்றுக்காரர்கள் இந்த வகைத் தூணுக்கு 'கடைந்த தூண்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கல்லை எப்படிச் சுழற்றினார்கள் என்பதில் இன்னும் ஒருமித்த பதில் கிடையாது. போன வருஷம் குடும்பத்தோடு போனபோது நான் தூணைத் தடவிக்கொண்டே நின்றதைப் பார்த்து, காவலர் விசில் ஊதியது தனிக்கதை :-)

மரத்துக்கு வருவோம். சென்னபட்டணம் பொம்மை, விசாகப்பட்டினம் பக்கம் வராக நதிக்கரையிலுள்ள ஏடிகொப்பாகா பொம்மை, நம் அம்பாசமுத்திரம் சொப்பு மூன்றும் பங்காளிகள். முதல் இரண்டுக்கும் ஒரே மரம், நாம் வெட்பாலை என்கிறோமே அது. தெலுங்கில் அங்குடு. பால் நிறத்தில், நார் தெரியாமல், உளிக்கு வெண்ணெய் மாதிரி இணங்கும். நம் ஊரில் மஞ்சள் கடம்பில் அதிகம் செய்தார்கள். கடைந்து முடித்ததும் மரத்தைச் சுழலவிட்டபடியே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் பளபளப்பு வரும். பிரஷ் கிடையாது, அடுப்பு கிடையாது. லேத்தேதான் வெட்டுகிற கருவி, லேத்தேதான் வர்ணம் பூசுகிற கருவி. ஏடிகொப்பாகாவில் ரசாயனச் சாயத்தை விட்டு மறுபடி இலை, பட்டை, விதைச் சாயங்களுக்குத் திரும்ப உழைத்த சி.வி. ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஐதராபாத் சில்பாராமத்தில் அந்தப் பொம்மைகள் கிடைக்கும். வாங்கினால் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், உளி போன தடம் தெரியும்.

இந்தக் கதை முழுக்க ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இவர்களில் யாருமே லேத்தை 'வாங்கவில்லை'. இரண்டு கட்டையை மண்ணில் நட்டு, இரண்டு முள்ளை அடித்து, ஒரு கயிறோ வில்லோ இருந்தால் லேத் முடிந்தது. கடைசல்காரர் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து, இன்னொரு கையாலும் கால் விரலாலும் உளியைப் பிடிப்பார். பட்டறையை மாற்றினால் கட்டையைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவார். அவர் காசு கொடுத்து வாங்கியது, சாணை பிடித்தது, மகனுக்கு விட்டுப்போனது எல்லாம் உளிதான். புதுசா பழசா என்ற கேள்வியே அங்கே எழாது.

அப்படியானால் லேத் எப்போது கடைச்சரக்கு ஆனது? இரும்பைக் கடைய ஆரம்பித்தபோது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் திருகு வெட்டும் இரும்பு லேத்தைச் செம்மைப்படுத்தினார். அதில் உளியை மனிதன் பிடிப்பதில்லை. இரும்பு வண்டி ஒன்று பிடித்துக்கொண்டு, ஒரு நீளத் திருகின்மேல் நகர்கிறது. அதனால் ஒரு லேத்தைக் கொண்டு அதைவிடத் துல்லியமான இன்னொரு லேத்தைச் செய்யலாம். நெசவு எந்திரம், நீராவி எந்திரம், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் தாய் இதுதான். இதன் மதிப்பு பிரிட்டனுக்கு நன்றாகத் தெரியும். எந்திரங்களை வெளிநாட்டுக்கு விற்பதற்கு அங்கே இருந்த தடை 1843-ல்தான் முழுசாக விலகியது. நம் ஊருக்கு இந்த லேத்துகள் வந்தது ரயிலோடு. ஐதராபாத்தில் நிஜாமின் ரயில்வேக்கு லாலாகுடாவில் பட்டறை வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். எந்திரம் சீமையிலிருந்து வரும், அதை ஓட்டுகிறவர் மட்டும் உள்ளூர்க்காரர்.

இந்த ஊரில் இருபது வருஷமாக இருந்தும் எனக்குத் தெரியாத பகுதி இதற்கு அப்புறம்தான். ஐதராபாத் என்றால் முத்து, பிரியாணி, அப்புறம் சாஃப்ட்வேர் என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். நிஜாம் அரசு 1929-லேயே தொழில் அறக்கட்டளை நிதி என்று ஒன்றை வைத்து ஆலைகளில் பணம் போட ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் வரத்து தடுமாறி, சீமை எந்திரம் கிடைப்பது குதிரைக்கொம்பானது. 1942-ல் ஐதராபாத் ஆல்வின் வந்தது (பின்னாளில் பஸ், ஃபிரிட்ஜ், வாட்ச் எல்லாம் செய்தார்களே, அதே ஆல்வின்). 1943-ல் செகந்திராபாத்தில் பிராகா டூல்ஸ். எந்திரம் செய்வதற்கான எந்திரங்களும் கருவிகளும் செய்வது அதன் வேலை. டிரில் சக், லேத் சக், சாணை எந்திரங்கள். லேத் வாயில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் தாடைதான் சக். எழுபது எண்பதுகளில் பாலிடெக்னிக் படித்த யாரையாவது கேட்டுப்பாருங்கள், பிராகா என்றதும் கண் விரியும். சட்டம் படித்தவர்களுக்கோ சக் ஞாபகம் வராது, வழக்குதான் வரும். பிராகா தொழிலாளர் வழக்கில் 1969-ல் உச்ச நீதிமன்றம், மத்திய அரசு 56 சதவீதமும் ஆந்திர அரசு 32 சதவீதமும் பங்கு வைத்திருந்தாலும், இது கம்பெனிச் சட்டத்தில் பதிவான ஒரு கம்பெனிதான், இதன்மேல் ரிட் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. பெரும்பாலும் சர்க்கார் பணம், ஆனால் சர்க்கார் இல்லை!

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஆசை தேசத்தின் ஆசையாக ஆனது. ஹரிஹரில் 1941-ல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் ஏற்கெனவே லேத் செய்துகொண்டிருந்தது. 1953-ல் பெங்களூரில் சுவிஸ் நாட்டு ஓர்லிகான் துணையோடு எச்எம்டி. வாட்ச் கம்பெனி என்று நாம் நினைக்கும் எச்எம்டியின் மூத்த பிள்ளை லேத்தான். அறுபதுகளில் பிஞ்சோர், களமசேரி, ஐதராபாத் என்று அது கிளை விட்டது. 1968-ல் பாலாநகரில் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் வந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கை கொடுத்தன. பெரிய ஆலையில் டர்னராக இருந்தவர் வெளியே வந்து, ஒரு லேத்தைப் போட்டு, பெரிய ஆலைக்கே பாகம் கடைந்து கொடுப்பார். பாலாநகர், சனத்நகர், ஜீடிமெட்லா சந்துகளில் நடந்தால் அந்தச் சத்தம் இப்போதும் கேட்கும். அவர்களில் புது லேத் வாங்கத் திராணி இருந்தவர்கள் எத்தனை பேர்? ஆலை கழித்துப்போட்ட லேத்தை ஏலத்தில் எடுத்தவர்களே அதிகம். ராணிகஞ்ச் இப்படித்தான் வளர்ந்தது என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

பிராகா 1988-ல் எச்எம்டியின் துணை நிறுவனமானது. 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி இறங்கியது, கம்ப்யூட்டர் சொல்படி கடையும் எந்திரங்கள் வந்தன, வெளிநாட்டில் கழித்த பழைய எந்திரங்களும் கப்பலேறி வந்தன. ஐதராபாத்தில் இருந்த எச்எம்டி பேரிங்ஸை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அதே முடிவில் எச்எம்டி வாட்ச்சும் போனது. வாட்ச்சுக்கு நாடே கண்ணீர் விட்டது. பேரிங்குக்கு யாரும் விடவில்லை. அது கையில் கட்டுகிற சாமான் இல்லையே.

ஒரு சனிக்கிழமை ராணிகஞ்ச் போனேன். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், பொதுத்துறை ஆலை ஒன்றில் முப்பது வருஷம் டர்னர். ஓய்வுக்குப் பிறகு, வாங்க வருகிறவர்களுக்கு எந்திரத்தைச் சோதித்துச் சொல்வது அவர் வேலை. என் அரைகுறைத் தெலுங்கைச் சகித்துக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு நின்ற ஒரு எச்எம்டி லேத்தின் அருகில் கூட்டிப்போனார்.

"இங்க நகத்த வை பாபு" என்றார். லேத்தின் படுகை, அதாவது பெட், வண்டி ஓடும் தண்டவாளம். ஹெட்ஸ்டாக் பக்கத்தில் நகத்தால் வருடினால் ஒரு சின்னப் படி தட்டியது. பெரும்பாலான வேலை அங்கேதான் நடக்கும், அதனால் அங்கேதான் தேயும். கடைசி மூலையில் தேயாமல் புதுசாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எந்திரத்தின் வயது, பெயர்ப்பலகையில் உள்ள வருஷத்தை நம்பாதே என்றார். அடுத்து சக்கில் ஒரு கம்பியை மாட்டி மேலும் கீழும் நெம்பினார். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. பிறகு டெயில்ஸ்டாக்கை முன்னால் தள்ளி, இரண்டு முள்ளையும் முகத்தோடு முகம் கொண்டுவந்தார். மயிரிழை விலகியிருந்தாலும் கடைகிற உருளை ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுக்கும். கடைசியாக வெறுமனே ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

எல்லாம் முடிந்ததும், "எதுக்கு உனக்கு?" என்றார். சொப்பு மூடி என்றேன். சிரித்துவிட்டார்.

இரும்பு லேத்தில் மரம் கடையக்கூடாதா என்றால், கடையலாம். ஆனால் தொல்லை நிறைய. மரத்துக்கு வேகம் வேண்டும். சின்னச் சாமானுக்கு நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு மேலே போகவேண்டும், பழைய இரும்பு லேத்துகள் அவ்வளவு ஓடாது. மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்தால் களிம்பாகிப் படுகையைத் தின்னும். மூன்று ஃபேஸ் மின்சாரம் கேட்கும், எடை ஒரு டன்னுக்கு மேல், நான் இருப்பது நான்காவது மாடி. எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பு லேத்தில் உளியை எந்திரம் பிடிக்கிறது. மரத்தில் நாம் பிடிக்கவேண்டும். "அந்த வேலைய நான் செஞ்சதே இல்ல பாபு, எனக்கு பயம்" என்றார், முப்பது வருஷம் இரும்பு கடைந்தவர்.

வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசில்லை. உள்ளே போய் ஒரு பழைய பிராகா டிரில் சக்கை எடுத்து வந்து, மண்ணெண்ணெயில் கழுவி, தாடையைத் திறந்து மூடிக் காட்டினார். அதன் பின்பக்கத்துக் கூம்பு மோர்ஸ் டேப்பர் இரண்டாம் நம்பர். அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் வகுத்த அளவு. சீனாவில் போன மாதம் செய்த குட்டி லேத்தின் டெயில்ஸ்டாக்கிலும் பெரும்பாலும் அதே இரண்டாம் நம்பர்தான். புதிதோ பழையதோ, எது வாங்கினாலும் இது பொருந்தும் என்றார். 600 ரூபாய். சட்டென்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் தெருவில் கடைசல் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சிக்கு இப்போது எழுபதுக்கு மேல். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் வாசலில் சுருள் சுருளாக விழும் மரச்சீவலைப் பொறுக்கியிருக்கிறேன். என் முதல் பம்பரம் அவர் கடைந்தது, காசு வாங்கவில்லை. பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும். பட்டறையைப் பூட்டி மூன்று வருஷமாகிவிட்டது.

"அண்ணாச்சி, லேத்த குடுத்துருதீயளா? என்ன விலையானாலும் சரி."

"லேத்தா? அதுக்கு என்னய்யா விலை! ரெண்டு கட்டை, ஒரு இரும்புத் தண்டு, ஒரு மோட்டாரு. மோட்டாரு வேற எரிஞ்சு கெடக்கு. தண்ட மட்டும் பார்சல்ல போட்டு விடுதேன், கட்டைய அங்கனயே அடிச்சுக்க."

"உளி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உளிய நான் தரமாட்டேன் தம்பி. பிள்ளைய கூட்டிட்டு லீவுக்கு வா. புடிக்கச் சொல்லித் தாரேன். பெறவு பாப்போம்."

தண்டு பஸ் பார்சலில் வந்து சேர்ந்துவிட்டது. நாலு கிலோ இருக்கும், சாக்கில் சுற்றி, சணல் கட்டி. கட்டைக்கு மரம் பார்க்கவேண்டும், அரை குதிரை மோட்டார் ஒன்றும் வாங்கவேண்டும். மே மாத லீவுக்கு திருநெல்வேலிக்கு டிக்கெட் போட்டாயிற்று. பிராகா சக் மேசைமேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. மகள் அதன் தாடையில் பென்சிலை மாட்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.